குட்டி நாய்க்கு கல்லீரல் ஷன்ட்: எங்கே சறுக்குகிறது?

கூடப்பிறந்தவை எல்லாம் வளர, ஒன்று மட்டும் நோஞ்சானாக நிற்கும். இறைச்சி தின்ற சில மணி நேரத்தில் தள்ளாடும். சுவரில் தலையை முட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். இதைச் சாதாரண வலிப்பு என்று எண்ணி பீனோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்தைத் தொடங்கிவிடாதீர்கள், அந்த மருந்தை உடைக்க வேண்டியதே கல்லீரல்தான். குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் ஷன்ட் என்ற குறுக்குவழிக் குழாயில் போய்ப் பெருஞ்சிரையில் கலப்பதுதான் இங்கே நோய். யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ் போன்ற சிறு இனங்களில் அந்தக் குழாய் பெரும்பாலும் கல்லீரலுக்கு வெளியே இருக்கும். லேப்ரடார் போன்ற பெரிய இனங்களில் உள்ளே.

ரத்தத்தில் ஏஎல்டி (கல்லீரல் என்சைம்) சுமாராகத்தான் ஏறும். யூரியா, ஆல்புமின், கொலஸ்ட்ரால் மூன்றும் தாழ்ந்து, சிவப்பணுவும் சிறுத்திருந்தால் (அதன் சராசரி அளவான எம்சிவி குறைவு) உடனே ரத்தத்தில் பைல் ஆசிட் (பித்த அமிலம்) பாருங்கள். 12 மணி நேரம் பட்டினி போட்டு முதல் ரத்தம். கொழுப்புள்ள உணவு, 5 கிலோவுக்குக் குறைந்த குட்டிக்கு 2 டீஸ்பூன் போதும். சரியாக 2 மணி நேரம் கழித்து இரண்டாவது. ஷன்ட்டில் இரண்டாவது அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தாண்டும். பட்டினி ரத்தத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வதுதான் பெரிய பிழை, அது சில நாய்களில் இயல்பாகவே வரும். மிகச் சிறிய குட்டிக்குப் பட்டினியில் சர்க்கரை இறங்கும், பக்கத்திலேயே இருங்கள்.

கல்லீரல் ரத்தத்திலிருந்து அகற்ற வேண்டிய நச்சான அம்மோனியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்தம் எடுத்த இடிடிஏ குழாயை (உறையாமல் தடுக்கும் மருந்துள்ள குழாய்) ஐஸில் வைத்து, அரை மணிக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். தாமதித்தால் குழாய்க்குள்ளேயே அம்மோனியா ஊறிப் பொய்யான உயர்வு காட்டும். ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பும் இடத்தில் இந்தப் பரிசோதனையே வேண்டாம்.

சிறுநீரையும் மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். பழுப்பு மஞ்சளில், முள் முளைத்த ஊமத்தங்காய் போல உருண்டைகள் தெரிந்தால் அவை அம்மோனியம் யூரேட். டால்மேஷன் போன்ற சில இனங்களில் மட்டும் இதை வைத்து ஷன்ட் என்று நம்ப முடியாது. அந்த இனங்களுக்கு யூரேட் பிறவிச் சொத்து. யூரேட் கல் சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தேடுங்கள்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஷன்ட் குழாய் தெரியவில்லை என்பதற்காக ஷன்ட் இல்லை என்று எழுத வேண்டாம். குடல் வாயு மறைத்துவிடும். ரத்தக்குழாயில் சாய மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் சிடிதான் பாதையைத் துல்லியமாகக் காட்டும். அதற்கு மயக்கம் கொடுக்கும் முன் லாக்டுலோஸும் (குடலில் அம்மோனியாவைக் குறைக்கும் மருந்து) புரதம் குறைத்த உணவும் கொடுத்துக் குட்டியைத் தேற்றுங்கள். சிடியிலும் ஒன்றும் இல்லை, பைல் ஆசிட் மட்டும் உயர்வு என்றால் கல்லீரலுக்குள்ளிருக்கும் நுண்குழாய்க் குறைபாடாக இருக்கலாம். ரத்தத்தில் புரோட்டீன் சி (கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம்) 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்தப் பக்கம்தான் சாயும்.