மறு: கைரோபிராக்டிக் அட்ஜஸ்ட்மென்ட்: "சீரமைப்பு" என்று முடித்துவிட வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் தள்ளிச் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டிக் தொழிலில், அந்தச் செயலுக்கு அட்ஜஸ்ட்மென்ட் என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன். நோயாளிகளுக்கான கையேடுகளைத் தமிழில் எழுதுவதுதான் என் அன்றாட வேலை. ஆகவே இந்தச் சொல் அகராதியில் ஏறும்வரை காத்திருக்க எனக்கு வழியில்லை, இந்த வாரமே வேண்டும். பேச்சு "முதுகெலும்புச் சீரமைப்பு" என்ற இடத்தில் வந்து நிற்கிறது. அங்கேயே முடித்துவிட வேண்டாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

> அட்ஜஸ்ட் என்றால் சரிசெய்வது. சீரமைப்பு, திருத்தம், நேராக்கல், எதை எடுத்தாலும் பொருள் வந்துவிடும்.

ஐயா, பொருள் வரும். அதோடு ஒரு தீர்ப்பும் சேர்ந்து வரும். சீரமைத்தார்கள் என்றால் அதற்கு முன் ஏதோ சீர்குலைந்து கிடந்தது என்று ஆகிவிடுகிறது. சரிந்த செங்கல் அடுக்கை ஒருவர் தட்டித் தட்டி நேராக்கும் படம்தான் கேட்பவர் மனதில் எழும்.

அந்தப் படத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர், காது மந்தமான ஹார்வி லில்லார்டின் முதுகில் புடைத்திருந்த எலும்பை அழுத்தி இடத்தில் வைத்ததாகவும், உடனே அவருக்குக் காது கேட்கத் தொடங்கியதாகவும் சொன்னார். முள்ளெலும்பு விலகி நரம்பை நெருக்குவதுதான் பெரும்பாலான நோய்களுக்கு வேர் என்பது பால்மரின் கொள்கை. விலகியதைத் திரும்ப வைப்பதற்கு அவர்கள் இட்ட பெயர் அட்ஜஸ்ட்மென்ட். இன்று அத்தொழிலுக்குள்ளேயே பலர் அந்தக் கொள்கையைக் கைவிட்டுவிட்டார்கள். பிரிட்டனில் அவர்களை ஒழுங்குபடுத்தும் பொதுக் கைரோபிராக்டிக் மன்றமே, இந்த "விலகல்" நோயை உண்டாக்குகிறது என்று சொல்லும் அளவுக்கு ஆய்வுச் சான்று இல்லை என்று 2010இல் அறிவித்தது. அங்கேயே கழன்றுகொண்டிருக்கும் கருத்தை நாம் இப்போது புதுச்சொல் செய்து தமிழில் நட வேண்டியதில்லை.

இன்னொன்று. இடுப்பின் பின்பக்க மூட்டில் இந்தச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எலும்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மிகத் துல்லியமான எக்ஸ்-கதிர் முறையில் அளந்து 1998இல் ஓர் ஆய்வு வந்தது. கையால் தொட்டுச் சோதித்தவர்கள் "சரியாகிவிட்டது" என்றார்கள். எலும்போ இருந்த இடத்திலேயே இருந்தது. வலி குறைகிற பலருக்கு உண்மையாகவே குறைகிறது, அதை நான் மறுக்கவில்லை. எலும்பு நகர்ந்ததால் குறையவில்லை என்பதுதான் செய்தி. சுற்றியுள்ள தசையின் இறுக்கம் சற்று நேரம் தளர்கிறது, மூட்டு கொஞ்சம் கூடுதலாக அசைகிறது, வலியை நரம்பு மண்டலம் வாங்கிக்கொள்ளும் விதம் மாறுகிறது என்றுதான் இப்போது விளக்கம் சொல்கிறார்கள்.

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கீழ்முதுகு பிடித்துக்கொண்டு ஒருவரிடம் போனேன். எக்ஸ்-கதிர்ப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பேனா நுனியால் காட்டி, "இந்த இரண்டும் விலகியிருக்கு, அதைத்தான் சீரமைக்கணும்" என்றார். வலி பத்தே நாளில் போய்விட்டது. அந்த வாக்கியம் போகவில்லை. பல மாதம் நான் குனிந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்கவில்லை. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொள்வேன், இரண்டு எலும்பும் மறுபடி நழுவிவிடும் என்ற பயம். ஒரு சொல் ஓர் உடலை இவ்வளவு கட்டிப்போடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> தண்டுவடத் திருத்தம் என்று ஒரு தளத்தில் பார்த்தேன்.

இது முழுப் பிழை, தம்பி. தண்டுவடம் என்பது உள்ளே ஓடும் நரம்புக் கற்றை. அதை யாரும் தொடுவதில்லை, தொடவும் கூடாது. முள்ளெலும்புகள் அடுக்கி வந்தது முதுகெலும்பு, பேச்சுவழக்கில் முதுகுத்தண்டு. தண்டுவடத்தையும் முதுகுத்தண்டையும் குழப்பும் கையேடுகள் நிறைய வருகின்றன. படிப்பவர் பாவம், நரம்பிலேயே கைவைக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார்.

> கிரேக்கத்தில் "கைர்" என்றால் கை. நம் கையேதான். ஆகவே "கைரோ" ஏற்கெனவே தமிழ்தான்.

ஓசை ஒத்துப்போவது நினைவில் வைக்க உதவும், அவ்வளவுதான். அந்தக் கிரேக்கச் சொல்லுக்குப் பழைய உறவு ஹிட்டைட் என்ற பண்டைய மொழியின் "கெஸ்ஸர்". வந்த வழி வேறு. பால்மர் கேட்டுக்கொண்டதற்காக சாமுவேல் வீட் என்ற போதகர், "கையால் செய்வது" என்ற பொருளில் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துக் கொடுத்த பெயர்தான் கைரோபிராக்டிக். என் கருத்து, தொழிலின் பெயரை அப்படியே கைரோபிராக்டிக் என்று வைத்துக்கொள்ளலாம். அது ஒரு குறிப்பிட்ட மரபின் பெயர். நாம் பெயர் சூட்ட வேண்டியது அவர்கள் கையால் செய்யும் செயலுக்கு. அந்தச் செயலை ஆஸ்டியோபதி என்ற இன்னொரு கைச்சிகிச்சை மரபினரும் செய்கிறார்கள், இயன்முறை மருத்துவர்களும் செய்கிறார்கள். எனவே யார் செய்தாலும் பொருந்துகிற, எந்தக் கொள்கைக்கும் சாட்சி சொல்லாத ஒரு சொல் தேவை.

அப்படியானால் அந்தச் செயல் என்ன என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்துவிடுவோம்.

பின்னொரு முறை வேறொருவரிடம் போனேன். அவர் முக்கால் மணி நேரம் பேசியே கழித்தார். காய்ச்சல் உண்டா, காரணமில்லாமல் எடை குறைகிறதா, புற்றுநோய் வந்ததுண்டா, எலும்பு மெலிவு உண்டா, சிறுநீர் கட்டுப்பாடு தவறுகிறதா, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசி இரண்டில் எதற்கு "ஆமாம்" என்றாலும் தொடவே மாட்டேன், உடனே மருத்துவமனை என்றார். படம் எதுவும் எடுக்கச் சொல்லவில்லை. அப்புறம் என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, கீழ்க்காலை நீட்டி மேல்காலை மடக்கி, ஒரு கையால் தோளைப் பின்னால் தாங்கி, மறுகையால் இடுப்பை மெல்லத் தன் பக்கம் உருட்டிக்கொண்டே வந்தார். இனி உருளாது என்ற இடத்தில் நிறுத்தினார். கிணற்றுக் கயிற்றில் தொய்வு முழுவதையும் இழுத்துக் கையில் வைத்துக்கொள்வது போன்ற நிலை அது. "மூச்சை விடுங்க" என்றார். விட்டேன். வெடுக்கென்று ஒரு தள்ளு. "டக்" என்ற சத்தம் கேட்டபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்தத் தள்ளு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட நீடிப்பதில்லை. வேகம் அதிகம், நகரும் தூரம் மிகக் குறைவு. நம் தசை விழித்துக்கொண்டு எதிர்த்து இறுகுவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. இதில்தான் நான் சொல்ல வருவது முழுவதும் இருக்கிறது. மொபிலைசேஷன் என்ற இன்னொரு முறையில் மூட்டை மெதுவாக, திரும்பத் திரும்ப அசைப்பார்கள். வலித்தால் "போதும்" என்று சொல்லலாம், நிறுத்திவிடுவார். இந்தத் தள்ளில் அதற்கு நேரமே கிடையாது. "வேண்டாம்" என்பதைக் கை வைப்பதற்கு முன்பே சொல்லியாக வேண்டும். எனவே ஒப்புதல் கேட்கும் தாளில் இருக்கும் சொல்லே அவருக்கு இதை உணர்த்த வேண்டும். "சீரமைப்பு" உணர்த்தாது. மென்மையாக ஒலிக்கும் "நீவல்" நேர்மாறாகவே உணர்த்திவிடும்.

> சொடுக்கு என்றால் என்ன? சாட்டையைச் சொடுக்குவது போல.

அக்கா, இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்தது. வேகமும் குறுந்தூரமும் இரண்டுமே அதில் இருக்கின்றன. ஒருநாள் முழுக்க அதையே போட்டு எழுதிப் பார்த்தேன். இரண்டு தடை வந்தது. கணினியில் சொடுக்கு நன்றாக வேரூன்றிவிட்டது, அது சின்னத் தடைதான். பெரிய தடை, சொடுக்கு என்றவுடன் சத்தமும் எதிர்பார்ப்பாகிவிடுகிறது. சத்தம் வராவிட்டால் சிகிச்சை பலிக்கவில்லை என்று நோயாளிகள் கவலைப்படுவதும், சத்தம் வரும்வரை திரும்பத் திரும்பத் தள்ளுவதும் நடக்கிறது. சத்தத்துக்கும் வலி குறைவதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை.

ஆகவே நான் முன்வைப்பது மூட்டுந்தல். மூட்டு, உந்தல், அவ்வளவே. உந்தம் என்று முடித்தால் இயற்பியலோடு மோதும், உந்தல் மோதாது. முதலில் "சிற்றுந்தல்" என்று நினைத்தேன், சிற்றுந்து என்று வண்டி ஓடிக்கொண்டிருப்பதால் விட்டேன். "கையுந்தல்" என்றால், சிறு சுத்தி போன்ற வில்விசைக் கருவியால் தட்டுகிற முறை வெளியே நின்றுவிடும். மொபிலைசேஷனுக்கு மூட்டசைப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், அசைப்பதற்கும் உந்துவதற்கும் உள்ள வேறுபாடு படிக்காதவருக்கும் புரியும்.

இனி அந்தச் சத்தம். அதை ஆங்கிலத்தில் கேவிட்டேஷன் என்பார்கள், அதற்கு "குழிவாதல்", "வெற்றிடக் குமிழாக்கம்" என்றெல்லாம் நம் சொற்பட்டியலில் இருக்கிறது. விரலை இழுத்தால் வரும் அதே சத்தம்தானே இது! நெட்டி முறிப்பது என்று எல்லா வீட்டிலும் சொல்கிறோமே. மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று விலகும்போது நடுவிலுள்ள வழவழப்பான நீரில் அழுத்தம் குறைகிறது, அதில் கரைந்திருக்கும் வாயு குமிழாகத் திரள்கிறது. எலும்போடு எலும்பு உரசுவதில்லை, எதுவும் உடைவதில்லை. குமிழ் உருவாகும்போது சத்தமா, அது சுருங்கும்போது சத்தமா என்பது நீண்டகால வழக்கு. சுருங்கும்போது என்று 1971இல் ஒரு விளக்கம் வந்தது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரலை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்துப் படம்பிடித்து, சத்தம் வந்த பிறகும் குமிழ் அங்கேயே இருப்பதைக் காட்டினார்கள். 2018இல் வந்த ஒரு கணித மாதிரி, குமிழ் ஓரளவு சுருங்கினாலே அந்தச் சத்தம் வரப் போதும் என்றது. இந்த வழக்கு எப்படி முடிந்தாலும் நெட்டி என்ற சொல்லுக்குச் சேதமில்லை. அது சத்தத்துக்குப் பெயர், காரணத்துக்கு அல்ல. கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுக் குழிவாதலைத் தேடிப் போக வேண்டாம்.

விலகலைக் குறிக்கும் சப்லக்சேஷன் என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும். எலும்பு மருத்துவத்தில் அது படத்தில் தெரியும் உண்மையான பாதி விலகல். அதற்குப் பகுதி விலகல். கைரோபிராக்டிக்கின் பழைய கருத்தைச் சொல்லும் இடத்தில் விலகல் கொள்கை என்று எழுதலாம். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் என் வாளித் தண்ணீர்க் கதை இன்னும் பலருக்கு நடக்கும்.

இந்தச் சொற்களை ஒரு கையேட்டுப் பத்தியில் போட்டுப் பார்த்தேன். வாசித்து எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்:

"உங்களுக்கு மூட்டுந்தல் செய்யலாமா என்று முதலில் பேசி, சோதித்து முடிவு செய்வோம். இது கண நேரத்தில் முடிந்துவிடும், நடுவில் நிறுத்த முடியாது. ஆகவே வேண்டாம் என்றால் முன்பே சொல்லுங்கள், மூட்டசைப்பும் உடற்பயிற்சியும் இருக்கின்றன. நெட்டி சத்தம் வரலாம், வராமலும் போகலாம். அன்றோ மறுநாளோ அந்த இடம் நோகலாம், பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும். கீழ்முதுகு வலிக்கு இதனால் கிடைக்கும் பயன் மிதமானது, உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகளின் பயனை ஒத்தது. ஆஸ்துமா, குழந்தைகளின் வயிற்றுவலி போன்றவற்றுக்கு இதை நாட வேண்டாம். கழுத்தில் செய்யும்போது, மிக அரிதாக, தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாகப் பதிவுகள் உண்டு. இதுவரை இல்லாத கடும் தலைவலி, தலைசுற்றல், பேச்சுக் குழறல், முகமோ கையோ மரத்துப்போவது எதுவானாலும் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்."

கழுத்தைப் பற்றிய வரியில் "வந்ததாகப் பதிவுகள் உண்டு" என்று யோசித்துத்தான் எழுதினேன். தமனி ஏற்கெனவே கிழியத் தொடங்கி, அந்தக் கழுத்து வலிக்காகவே ஒருவர் சிகிச்சைக்கு வந்திருக்கவும் கூடும். காரணத்தைப் பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் அதற்காக அந்த வரியையே எடுத்துவிட நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒரு சொல் மட்டும் எனக்கு அமையவில்லை. ஒரு முறை நெட்டி முறித்த மூட்டு ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு மறுபடி சத்தம் கொடுக்காது. அந்த இடைவெளிக்குப் பட்டியலில் "முரண்பிடிக் காலம்" என்று இருக்கிறது. மூட்டு யாரோடும் முரண்டு பிடிக்கவில்லையே. "நெட்டி ஓய்வு" என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் முழுதாக ஒப்பவில்லை. யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் வியாழக்கிழமைக்குள் அனுப்புங்கள், அன்றுதான் கையேடு அச்சுக்குப் போகிறது.

அன்புடன்