ஷ்வைன்ஃபுர்ட் எப்படிப்பட்ட ஊர்? வரலாறு, பார்க்க வேண்டியவை, வேலை நிலவரம்

நெய்தல்22 (கேள்வி)

வணக்கம். பவேரியாவின் வடக்கு ஓரத்தில் மைன் ஆற்றங்கரையில் இருக்கும் ஷ்வைன்ஃபுர்ட்டில் மெக்கட்ரானிக்ஸ் இளநிலைப் படிப்புக்கு (ஆங்கில வழி) இடம் கிடைத்திருக்கிறது. விசாரித்தால் பாதிப் பேர் "வெறும் ஃபாக்டரி ஊர், பார்க்க ஒன்றுமில்லை" என்கிறார்கள். மீதிப் பேர் "அங்கே போனால் வேலை நிச்சயம்" என்கிறார்கள். இரண்டையும் அப்படியே நம்ப மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

1. இவ்வளவு சின்ன ஊரில் உலக அளவிலான பேரிங் (இயந்திரத்தில் சுழலும் பாகத்தைத் தாங்கி, உராய்வைக் குறைக்கும் உதிரிபாகம்) கம்பெனிகள் குவிந்தது எப்படி? அந்தத் தொழில் இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது?
2. இரண்டாம் உலகப் போரில் ஊரே தரைமட்டம் என்று படித்தேன். பழையது ஏதாவது மிச்சம் உண்டா?
3. ஒரு சனி, ஞாயிறில் பார்ப்பதென்றால் எந்த வரிசையில் பார்ப்பது?

அச்சாணி

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், அதுவே நீளமாகிவிடும்.

எல்லாம் சைக்கிளில் தொடங்கியது. ஆர்கன் வாத்தியம் செய்யும் ஃபிலிப் மோரிட்ஸ் ஃபிஷர் இந்த ஊர்க்காரர். 1850களிலேயே பெடல் வைத்த சைக்கிள் ஒன்றைச் செய்தார் என்பார்கள். உலகத்தின் முதல் பெடல் சைக்கிள் அதுதானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை, அதை விடுங்கள். ஊரின் தலையெழுத்தை மாற்றியவர் அவர் மகன் ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர். 1883இல், பேரிங்குக்குள் உருளும் சின்ன எஃகுக் குண்டுகளை (உருண்டைகளை) அரைக்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார்.

குண்டு அரைப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று தோன்றும். பேரிங்கில் ஒரு குண்டு மற்றவற்றைவிட சில மைக்ரான் பெரிதாக இருந்தால் போதும், பாரம் முழுக்க அதன் தலையில் விழும். கொஞ்ச நாளில் அந்தக் குண்டும் அது உருளும் பாதையும் செதில் செதிலாக உரியும், பிறகு சத்தம், சூடு, கடைசியில் பேரிங் இறுகி நின்றுவிடும். ஆக, குண்டு உருண்டையாக இருந்தால் மட்டும் போதாது, ஒரு பேரிங்கில் போகும் குண்டுகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தாக வேண்டும். ஃபிஷர் இயந்திரம் பெரிய எண்ணிக்கையில் குண்டுகளை ஒன்றாகப் போட்டு அரைத்து அதைச் சாதித்தது. இன்றைய தரக் கணக்கில் ஜி10 வகைக் குண்டு கோள வடிவிலிருந்து 0.25 மைக்ரானுக்கு மேல் விலகக் கூடாது. வேலை வரிசை இன்றும் ஏறத்தாழ அதே பாதைதான்: குரோமியம் கலந்த எஃகுக் கம்பியை வெட்டி அச்சில் அடிப்பது, விளிம்பு நீக்குவது, சூடேற்றிக் கடினமாக்குவது, தட்டுகளுக்கு நடுவே அரைப்பது, கடைசியாக மெருகேற்றுவது.

அடுத்த திருப்பம் 1895. எர்ன்ஸ்ட் ஸாக்ஸ், கார்ல் ஃபிக்டெல் இருவரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி 1903இல் டார்பிடோ என்ற சைக்கிள் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பாகம்) கொண்டுவந்தது. பெடல் மிதிக்காதபோது சக்கரம் தானாக ஓடும், பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும், எல்லாம் ஒரே ஹப்புக்குள். பின்னாளில் கிளட்ச், ஷாக் அப்சார்பர் என்று மோட்டார் வாகனப் பக்கம் போனார்கள். 1909இல் ஃபிஷரின் தொழிற்சாலையை கேயார்க் ஷேஃபர் வாங்கினார். 1929இல் ஃபிக்டெல் ஸாக்ஸ் தன் பேரிங் பிரிவை ஸ்வீடனின் எஸ்கேஎஃப் பேரிங் கம்பெனிக்குக் கொடுத்தது.

2001இல் இரண்டு பெரிய கைமாற்றங்கள். ஃபிக்டெல் ஸாக்ஸ் (பின்னாளில் வெறும் ஸாக்ஸ்) இசட்எஃப் என்ற வாகன உதிரிபாகக் கம்பெனியின் கைக்குப் போனது. ஃபிஷர் தொழிற்சாலையிலிருந்து வளர்ந்த எஃப்ஏஜி பேரிங் கம்பெனியை, ஹெர்ட்ஸோகனவ்ராக் ஊரிலிருந்து இயங்கும் ஷெஃப்ளர் குழுமம் எடுத்துக்கொண்டது. வாகன உதிரிபாகக் கடையில் எஃப்ஏஜி, ஸாக்ஸ் என்று பார்க்கும் பெட்டிகளின் பூர்வீகம் இந்த ஊர்தான்.

இப்போதைய நிலவரத்தைக் கீழே தனியாக எழுதுகிறேன், அதற்கு இடம் வேண்டும்.

கோட்டைச்சுவர்

"பார்க்க ஒன்றுமில்லை" என்பவர்கள் பெரும்பாலும் ஹவுப்ட்பான்ஹோஃபில் (முதன்மை ரயில் நிலையம்) இறங்கி, எதிரே தொழிற்சாலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். பழைய நகரம் அங்கிருந்து கிழக்கே சுமார் 2 கிலோமீட்டர்.

இந்த ஊர் அழிந்தது ஒருமுறை அல்ல. பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரமாக இருந்தது. 1542இல் லூதரன் மரபுக்கு மாறியது. 1554இல் இரண்டாம் மார்க்கிரேவ் போரில் எரிந்து போனது. இன்று சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் நகரமன்றம் அதற்குப் பிறகு, 1570 முதல் 1572க்குள் நிக்கோலவ்ஸ் ஹோஃப்மன் கட்டியது. பக்கத்திலேயே புனித யோஹன்னிஸ் தேவாலயம், ஊரின் மிகப் பழைய கட்டடங்களில் ஒன்று.

அதிகம் பேர் அறியாத செய்தி: ஜெர்மனியின் தேசிய அறிவியல் கழகமான லியோபோல்டினா பிறந்தது இங்கேதான். 1652இல் யோஹன் லோரென்ஸ் பவ்ஷ் உட்பட நான்கு மருத்துவர்கள் தொடங்கினார்கள். இப்போது அதன் தலைமையகம் ஹாலே நகரில்.

சதுக்கத்தின் நடுவே உள்ள சிலை 1788இல் இங்கே பிறந்த கவிஞர் ஃப்ரீட்ரிஷ் ரூக்கர்ட்டுடையது. சமஸ்கிருதம், அரபி, பாரசீகத்திலிருந்து ஏராளமாக ஜெர்மனுக்குக் கொண்டுவந்தவர், நளன் தமயந்தி கதை உட்பட. நம்மவர்கள் போட்டோ எடுத்துவிட்டுக் கடந்துபோகிற சிலை, நின்று பார்க்கத் தகுந்தது.

போர் விஷயம். குண்டுவீச்சில் சேதம் கடுமைதான், ஆனால் முழுவதும் தரைமட்டம் இல்லை. அமெரிக்க விமானப்படையின் தாக்குதல்களில் பேர் பெற்றவை இரண்டு. 1943 ஆகஸ்ட் 17 அன்று ஷ்வைன்ஃபுர்ட்டும் ரேகன்ஸ்பூர்க்கும் ஒன்றாகக் குறிவைக்கப்பட்டன. புறப்பட்ட 376 விமானங்களில் 60 திரும்பவில்லை. அக்டோபர் 14 அன்று 291 விமானங்கள் வந்தன, மறுபடியும் 60 போயின. காரணம் எளிது: துணைக்கு வந்த சண்டை விமானங்களின் எரிபொருள் ஜெர்மன் எல்லை வரைக்குமே தாங்கியது, அதற்கு மேல் குண்டுவீச்சு விமானங்கள் தனியாகத்தான் பறந்தன.

இவ்வளவு கொடுத்தும் பேரிங் உற்பத்தி நின்றுவிடவில்லை. கூரைகள் சரிந்தாலும் கனமான இயந்திரங்களில் பல பிழைத்தன. பிறகு தயாரிப்பை வேறு ஊர்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டார்கள். "ஒரே தாக்குதலில் ஜெர்மன் தொழில் முடங்கியது" என்று எங்காவது படித்தால் நம்ப வேண்டாம்.

நெய்தல்22

அருமை, இருவருக்கும் நன்றி. ஷ்வைன்ஃபுர்ட் பச்சை என்று ஒரு நிறம் இருக்கிறதாமே, அது இந்த ஊர்தானா? வார இறுதித் திட்டமும் யாராவது சொல்லுங்கள்.

மூன்றாம்நடைமேடை

ஆமாம், இதே ஊர். வில்ஹெல்ம் ஸாட்லர் 1814 வாக்கில் இங்கே தயாரித்து விற்றது. தாமிரமும் ஆர்சனிக்கும் சேர்ந்த சாயம். கண்ணைப் பறிக்கும் பச்சை, ஆனால் நல்ல விஷம். சுவர்க் காகிதத்தில் பூசிய சாயம் ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் ஆர்சனிக் வாயு வெளியேறும்.

இனி பயணம். ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து வருவதானால் வூர்ட்ஸ்பூர்க்கில் வண்டி மாறுங்கள், அங்கிருந்து வட்டார ரயிலில் அரை மணி ஒட்டி. டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க வட்டார வண்டிகளில் செல்லும் மாதச் சீட்டு) வைத்திருப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம், அது ஐசிஇ, ஐசி என்ற நெடுந்தூர விரைவு வண்டிகளில் செல்லாது. பவேரியாவுக்குள் ஒருநாள் பயணத்துக்கு பயர்ன் டிக்கெட் (பவேரிய ஒருநாள் சீட்டு) போதும், ஆனால் வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். சனி, ஞாயிறில் நள்ளிரவிலிருந்தே செல்லும். விரைவு வட்டார வண்டிகள் நிற்பது ஹவுப்ட்பான்ஹோஃபில். உங்கள் வண்டி மிட்டே அல்லது ஸ்டாட் நிலையத்தில் நின்றால் அங்கே இறங்குங்கள், பழைய நகரம் பக்கம்.

சனிக்கிழமை காலை சதுக்கம், நகரமன்றம், தேவாலயம், அப்படியே ஷ்ரோட்டூர்ம் கோபுரம். 1611இல் எழுந்தது, பின்னாளில் ஈயக் குண்டு செய்யப் பயன்பட்டது. உருக்கிய ஈயத்தை மேலேயிருந்து சல்லடை வழியே சொட்டவிட்டால், விழும் வழியிலேயே உருண்டையாகிக் கீழே தண்ணீரில் இறுகும். பேரிங்குக்கு முன்பே இந்த ஊருக்கு உருண்டை மோகம்!

மதியம் முழுவதையும் கேயார்க் ஷேஃபர் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். 2000இல் திறந்தது. எஃப்ஏஜி குடும்பத்துத் தொழிலதிபர் சேர்த்த 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஓவியங்கள். கார்ல் ஷ்பிட்ஸ்வேகின் படைப்புகள் இவ்வளவு வேறெங்கும் ஒரே இடத்தில் கிடையாது. நேரம் மிஞ்சினால் பழைய எர்ன்ஸ்ட் ஸாக்ஸ் நீச்சல்குளக் கட்டடத்தில் இயங்கும் குன்ஸ்ட்ஹாலே கலைக்கூடம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் முதலாவதே. திங்கட்கிழமை போய் நிற்காதீர்கள், கதவு சாத்தியிருக்கும்.

ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். அன்றைக்கு மைன் கரை சைக்கிள் பாதை, அல்லது ரயிலில் பாம்பெர்க். பாத் கிஸ்ஸிங்கனும் பக்கம்தான், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஐரோப்பிய நீரூற்று நகரங்களில் ஒன்று.

சைவம் சாப்பிடுபவரானால் ஷ்லாக்ட்ஷூசல் என்ற அறிவிப்புள்ள இடத்தைத் தவிருங்கள். வேகவைத்த பன்றி இறைச்சியை மரப்பலகையில் வைத்து, பாகம் பாகமாகப் பரிமாறுவது. ஊரின் பெருமைக்குரிய விருந்துதான், ஆனால் சைவர்களுக்குப் புளித்த முட்டைக்கோசும் ரொட்டியும்தான் மிஞ்சும்.

அச்சாணி

வேலை விஷயத்துக்கு வருகிறேன்.

மக்கள்தொகை 50,000க்குச் சற்று மேல். ஊருக்குள் இருக்கும் வேலைகளும் ஏறத்தாழ அதே அளவு. சுற்று வட்டாரமே தினமும் இங்கே வேலைக்கு வருகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பங்கு இசட்எஃப், ஷெஃப்ளர், எஸ்கேஎஃப், பாஷ் ரெக்ஸ்ராத் என்று நான்கைந்து வாசல்களில். வாகனத் தொழில் தும்மினால் ஊருக்கே ஜலதோஷம். 1990களின் தொடக்கத்தில் பேரிங் தொழில் சரிந்தபோது ஆயிரக்கணக்கான வேலைகள் போயின. இப்போதும் காற்று எதிராகத்தான் வீசுகிறது: 2028 முடிவுக்குள் ஜெர்மனியில் 14,000 வேலைகள் வரை குறைப்போம் என்று இசட்எஃப் 2024இல் அறிவித்தது. அதே ஆண்டு ஷெஃப்ளரும் குறைப்பு அறிவித்தது. மின்சார காரில் வழக்கமான கிளட்ச்சுக்கு வேலை இல்லை. கிளட்ச்சை நம்பி வளர்ந்த ஊருக்கு இது சின்ன அடியல்ல.

மறுபக்கமும் உண்டு. காற்றாலைக்கான ராட்சத பேரிங்குகளைச் சோதிக்கும் வசதி ஷெஃப்ளரிடம் இங்கே இருக்கிறது, 3.5 மீட்டர் விட்டம், 15 டன் எடை வரை. எஸ்கேஎஃப்பும் பெரிய பேரிங் சோதனை மையம் வைத்திருக்கிறது. அமெரிக்க ராணுவம் 2014இல் காலி செய்த லெட்வர்ட் முகாமில்தான் உங்கள் கல்லூரியின் புதிய வளாகம். பக்கத்து கிராஃபன்ரைன்ஃபெல்ட் அணு உலை 2015இல் மூடப்பட்டது, அதன் குளிர்விப்புக் கோபுரங்களை 2024 ஆகஸ்டில் வெடிவைத்துச் சாய்த்துவிட்டார்கள். ஆனாலும் வடக்கிலிருந்து வரும் ஸூட்லிங்க் மின்தடத்தின் ஒரு முனை பக்கத்து பெர்க்ரைன்ஃபெல்டில்தான் வந்து சேரப்போகிறது.

எனவே "வேலை நிச்சயம்" என்பதை நம்பி வர வேண்டாம். படிக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாளோ 280 அரை நாளோ வேலை செய்ய அனுமதி உண்டு, அதை ஹோட்டலில் செலவழிக்காமல் ஏதாவது ஒரு ஆலையில் வெர்க்ஷ்டூடன்ட் (படிப்போடு சேர்த்துப் பகுதிநேர வேலை) இடம் பிடிக்கப் பாருங்கள். பாடம் ஆங்கிலத்தில் ஓடும், ஆனால் ஷாப் ஃப்ளோரில் (ஆலைக்குள்) ஜெர்மன்தான், அதுவும் ஃபிராங்கன் வட்டார வழக்கில். பி1 (ஜெர்மன் மொழியின் இடைநிலைத் தரம்) இல்லாமல் விண்ணப்பித்தால் பதில் வருவது அரிது, அதற்கு மேலான பி2 இருந்தால் நேர்முகத்துக்கே தைரியமாகப் போகலாம். முதல் செமஸ்டரிலேயே மொழி வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் தொடங்குபவர்கள்தான் படிப்பு முடிந்த பிறகு கிடைக்கும் 18 மாத வேலை தேடும் அனுமதியை இலக்கணத்தோடு மல்லுக்கட்டியே கழிக்கிறார்கள்.