மெர்போக் கூண்டில் என்ன வைக்கலாம்?

செந்தூல்வாசி: பின்வாசல் கூண்டில் நான்கு மெர்போக், அதான் சின்ன வரிப்புறா. வாங்கி மாட்டிய மணியையும் கண்ணாடியையும் ஒன்றுகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. நாள் முழுக்க ஒரே கம்பில்தான். என்ன செய்யலாம்?

ஆயர் ஈத்தாம் அண்ணன்: தம்பி, கொறித்து விளையாட இது கிளியா? தரையில் பொறுக்கித் தின்னும் ஜாதி. கிண்ணத்தை எடுத்துவிட்டு, தட்டில் மணலும் காய்ந்த ரம்புத்தான் இலையும் பரப்பித் தினையைத் தூவுங்கள். காலால் கிளறாது, அலகால்தான் இலையைத் தள்ளும். என் வீட்டு ஆண் மெர்போக் அரை மணி நேரம் தட்டைவிட்டு நகராது. அப்புறம் பொடிக்கல்லும் வையுங்கள், விதையை முழுசாக விழுங்குவதால் வயிற்றில் அரைக்க அது உதவும்.

பட்டர்வொர்த் அக்கா: பாதிக் கூரையை வெறும் வலையாக விடுங்கள். சாயங்கால மழையில் என்னுடையது ஒருபக்கம் சாய்ந்து, ஒற்றை இறக்கையைத் தூக்கி, அக்குள் நனையக் கிடக்கும்.

செந்தூல்வாசி: சரி, மணியைக் கழற்றிவிட்டேன். இலை போட்டதும் மூன்று இறங்கின. நான்காவது இன்னும் கம்பில்தான்.