மாலையானால் முடங்கும் இணையம்: எல்லோரும் சேர்ந்து பொதுவெளியில் கேட்டால் நிறுவனம் அசையுமா?

மேடவாக்கத்தார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையின் தென்புறத்தில், நூறு வீடுகளுக்கு மேல் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். வளாகத்துக்குள் ஃபைபர் வடம் இழுத்திருப்பது ஒரே ஒரு இணைய நிறுவனம்தான். வீடுகளை ஒப்படைப்பதற்கு முன்பே கட்டுநர் அவர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டுவிட்டதால், இன்னொரு நிறுவனத்தை உள்ளே கொண்டுவருவதும் எளிதாக இல்லை. பகலில் குறை சொல்ல முடியாத வேகம், இரவு எட்டு மணியை நெருங்கும்போது முடங்கிவிடுகிறது. அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களின் காணொளிக் கூட்டங்கள் பாதியில் உறைந்து நிற்கின்றன. சேவை எண்ணை அழைத்தால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள்; மறுநாள் காலையில், இணையம் இயல்பாகவே நன்றாக ஓடும் நேரத்தில், 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்துவிடுகிறது.

இனி தனித்தனியாகக் கூப்பிட்டுப் பயனில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் இளையவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எல்லா வீட்டாரும் ஒரே நேரத்தில் எக்ஸ் தளத்தில் நிறுவனத்தையும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயையும், அமைச்சகத்தையும் குறிப்பிட்டுப் பதிவிடுவது, செயலிக் கடையில் ஒற்றை நட்சத்திரம் கொடுப்பது, வாயிலில் பதாகை கட்டுவது என்பவை திட்டங்கள். சங்கத்தின் மூத்த உறுப்பினர்களோ அவதூறு வழக்கு வந்துவிடுமோ என்று தயங்குகிறார்கள். இப்படிப் பொதுவெளியில் நெருக்கடி கொடுத்து எங்கேனும் பலன் கிடைத்திருக்கிறதா, கொடுப்பதென்றால் எந்த முறையில் கொடுக்க வேண்டும் என்று அனுபவமும் சட்ட அறிவும் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கம்பிவடம் எழுதியது:

உள்ளூர் இணைய நிறுவனம் ஒன்றின் வலையமைப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மாலையில் மட்டும் வேகம் குறைகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதில்தான் துப்பு இருக்கிறது. வடம் மடங்கியிருந்தாலோ இணைப்பானில் அழுக்குப் படிந்திருந்தாலோ தொல்லை நாள் முழுவதும் இருக்கும். சில வேளைகளில் வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கும் எரியும். பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, உள்ளே வரும் ஒளியின் அளவைப் பாருங்கள். அது மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் வலிமையைக் குறிக்கும் அலகு) என்ற எல்லையை ஒட்டியோ அதைவிடக் கீழேயோ இருந்தால் கோளாறு உங்கள் வடத்தில் இருக்கிறது. மைனஸ் 20 அளவில் நிலையாக இருந்துகொண்டு மாலையில் மட்டும் வேகம் விழுந்தால், மேலே எங்கோ நெரிசல் என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம்.

ஒரே ஒளிவடத்தைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் ஜிபான் முறையில், ஒரு முனையின் இறங்குவேகம் ஏறத்தாழ 2.5 ஜிகாபிட், அதை ஒளிப் பிரிப்பான் வழியாக 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடுவார்கள். அத்தனை வீடுகளும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்பதால் அந்த முனை அவ்வளவு சீக்கிரம் திணறாது. உங்கள் பகுதியிலிருந்து நிறுவனத்தின் மையத்துக்குப் போகும் இணைப்பிலோ, அங்கிருந்து வெளியுலகுக்குச் செல்ல அவர்கள் வாங்கியிருக்கும் கொள்ளளவிலோதான் வழக்கமாகச் சிக்கல் இருக்கும். அதைக் கூட்டப் பணம் செலவாகும், ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வதற்குச் செலவில்லை. உங்களுக்குக் கிடைக்கும் பதிலுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

ஆகவே பதிவிடுவதற்கு முன்னால் அளவெடுங்கள். வைஃபையை நம்பாமல், மடிக்கணினியை லேன் வடத்தால் ரவுட்டரோடு நேரடியாக இணைத்து, விடியற்காலையில் ஒரு முறையும் இரவு ஒன்பது மணி அளவில் ஒரு முறையும் சோதியுங்கள். வேகச் சோதனைத் தளங்கள் தாமாகவே மிக அருகில் உள்ள சேவையகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், அது பல நேரங்களில் உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்கு உள்ளேயே இருக்கும் என்பதால், வெளியே எல்லாம் ஊர்ந்துகொண்டிருக்கும்போதும் திரையில் 100 எம்பிபிஎஸ் என்று அழகாகக் காட்டும். வேறு நிறுவனத்தின் சேவையகத்தை நீங்களே தேர்ந்தெடுத்து, அந்த அளவையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். ரவுட்டருக்கும், நிறுவனத்தின் முதல் நுழைவாயிலுக்கும், வெளியே உள்ள ஏதேனும் ஒரு முகவரிக்கும் தனித்தனியாகப் பிங் செய்து (சிறு தகவலை அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளந்து) பார்த்தால், தாமதம் எந்த இடத்தில் தாவுகிறது என்பது தெரிந்துவிடும்.

வெவ்வேறு தளங்களில் உள்ள பத்து வீட்டார் ஒரே இரவில் இதைச் செய்து ஒற்றை அட்டவணையாகத் தொகுத்தால், நிறுவனத்தின் பொறியாளரால் அதைத் தள்ளிவிட முடியாது. ட்ராய் 2006இல் வகுத்த பிராட்பேண்ட் தர விதிகளே, நெரிசல் நேரத்தில் ஓர் இணைப்பின் பயன்பாடு 80 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 90ஐத் தாண்டினால் அதை நெரிசலாகக் கொண்டு ஒரு மாதத்துக்குள் கொள்ளளவைக் கூட்ட வேண்டும் என்றன. அவற்றுக்குப் பதிலாக 2024இல் புதிய விதிகள் வந்துவிட்டாலும், எங்கள் பகுதி இணைப்பின் மாலை நேரப் பயன்பாடு எத்தனை விழுக்காடு என்று எழுத்தில் கேட்பதுதான் சரியான கேள்வி. 'சேவை மிக மோசம்' என்ற பதிவுக்கு 'வருந்துகிறோம்' என்று பதில் எழுதிவிடலாம். இந்தக் கேள்விக்கு அப்படி எழுத முடியாது.

நுகர்வோர் வழக்கு எழுதியது:

சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டாரும் முதலில் முறையான புகார் பதிந்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். குறைதீர்ப்புக்காக ட்ராய் 2012இல் கொண்டுவந்த விதிகளின்படி இது இரண்டு படிகளைக் கொண்டது. புகார் மையத்தில் தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது, அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் இரண்டாவது படியில் கால் வைப்பதே இல்லை. 'தீர்க்கப்பட்டது' என்ற குறுஞ்செய்தி வந்ததும், 'தீரவில்லை, மேல்முறையீடு செய்கிறேன்' என்று அன்றே எழுதிவிடுங்கள். அந்தக் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள். அதே இரவு எடுத்த வேக அளவோடு சேர்த்து வைத்தால் அது உங்கள் பக்கச் சான்றாக மாறும்.

ட்ராய் தனிநபர் புகார்களை விசாரிக்கும் அமைப்பு அல்ல. எக்ஸ் தளத்தில் அதைக் குறிப்பிட்டு எழுதுவது கிணற்றில் போட்ட கல்தான். தொலைத்தொடர்புத் துறையின் பொதுக் குறைதீர்ப்புப் பிரிவுக்கு, மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸ் வழியாக எழுதுவது பயன் தரும். அங்கிருந்து கோப்பு வந்தால் நிறுவனத்தில் அதற்கென்று பொறுப்பேற்கும் ஓர் அதிகாரி இருப்பார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. அவர்களால் ஆணையிட முடியாது, நிறுவனத்தோடு பேச முடியும்.

தொலைத்தொடர்புச் சண்டைகளை நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி நிறுவனங்கள் நெடுநாள் தப்பித்து வந்தன. வோடஃபோன் ஐடியா வழக்கில் 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. ஒரு நுணுக்கம் உண்டு. கர்நாடக அடுக்குமாடிச் சட்டத்தின்கீழ் அமைந்த ஒரு சங்கத்தை, நுகர்வோருக்காக வழக்குத் தொடுக்கக்கூடிய தன்னார்வ நுகர்வோர் சங்கமாகக் கருத முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆகவே சங்கத்தின் பெயரில் போவதைவிட, ஒரே குறை உள்ள சில வீட்டார் ஆணையத்தின் அனுமதி பெற்று, அனைவருக்குமாகச் சேர்ந்து தொடுப்பது பாதுகாப்பானது.

அவதூறு பற்றி மூத்தவர்கள் தயங்குவதைக் கேலி செய்யாதீர்கள். இணையப் பதிவுக்காகக் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது என்றாலும், அவதூறுப் பிரிவு, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 356 ஆகத் தொடர்கிறது. 'இன்ன தேதி, இன்ன நேரம், இவ்வளவு வேகம், இன்ன புகார் எண்' என்று எழுதுவதில் அச்சப்பட ஒன்றும் இல்லை. 'கொள்ளைக்காரர்கள்', 'கட்டுநருக்குக் கையூட்டுக் கொடுத்து உள்ளே வந்தவர்கள்' என்று எழுதினால், அதை நிறுவ வேண்டிய பாரம் உங்கள் தலையில் விழும்.

அடையாறு வாசகி எழுதியது:

பொதுவெளி நெருக்கடிக்குப் பலன் உண்டா என்ற முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பலன் உண்டு, ஆனால் எதிர்பார்த்த இடத்தில் அது கிடைப்பதில்லை என்பது என் கருத்து. அமெரிக்காவின் கேபிள், இணைய நிறுவனமான காம்காஸ்ட் இதற்கு நல்ல சான்று. 2006இல், வாஷிங்டனில் பழுதுபார்க்க வந்த அதன் ஊழியர் வாடிக்கையாளர் வீட்டுச் சோஃபாவிலேயே தூங்கிவிட, வீட்டுக்காரர் அதைப் படமெடுத்து யூடியூபில் ஏற்றினார், நாடே சிரித்தது. அந்த ஊழியர் தூங்கியதற்குக் காரணம், தம் சொந்த நிறுவனத்தின் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடந்ததுதான். வேலை போனது அவருக்கு. எய்தவன் இருக்க அம்பை நொந்த கதை.

அடுத்த ஆண்டில், நிறுவனத்தின் மேல் கொதித்துப்போன ஊடகக் கட்டுரையாளர் ஒருவர் அதற்கெதிராகவே ஒரு தளம் தொடங்கி வாடிக்கையாளர்களின் குறைகளைத் திரட்டினார். 2008இல் நிறுவனம் ட்விட்டரில் குறை கேட்க ஆள் அமர்த்தியது. எழுதியவர்களுக்கு விரைவாகவே பதில் கிடைத்தது, மற்ற நிறுவனங்களும் அந்த முறையைப் பின்பற்றின. ஆனாலும் 2010இலும், மீண்டும் 2014இலும், கன்ஸ்யூமரிஸ்ட் என்ற நுகர்வோர் செய்தித் தளத்தின் வாசகர்கள் அமெரிக்காவின் மிக மோசமான நிறுவனமாகத் தேர்ந்தெடுத்தது இதே காம்காஸ்டைத்தான். சத்தம் போட்டவருக்கு மட்டும் தனி வரிசை திறப்பது மலிவு, எல்லோருக்குமான வரிசையைச் சரிசெய்வது செலவு. உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளுக்கும் 'தனிச்செய்தியில் எண்ணை அனுப்புங்கள்' என்ற பதில்தான் முதலில் வரும். ஆளுக்கொரு பக்கமாகத் தனிச்செய்திக்குள் போய்விட்டால் கூட்டம் அங்கேயே கலைந்துவிடும்.

நம் நாட்டில் 2015இல் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். எல்லா இணையதளங்களையும் நிறுவனங்கள் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை குறித்து ட்ராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. சில செயலிகளை மட்டும் தரவுக் கட்டணமின்றித் தரும் ஏர்டெல் ஜீரோ திட்டத்தில் சேரப் பேசிக்கொண்டிருந்த ஃபிளிப்கார்ட், மக்கள் கொதிப்பைக் கண்டு ஏப்ரலிலேயே விலகியது. 2016 பிப்ரவரியில், தளத்துக்குத் தளம் வேறுபடும் பாகுபாட்டுக் கட்டணங்களுக்கு ட்ராய் தடை விதித்தது. அங்கே கோரிக்கை ஒன்றே, அனுப்ப வேண்டிய முகவரியும் ஒன்றே. உங்களுக்கும் அப்படி ஒரு வரி வேண்டும்: இன்ன தேதிக்குள் மாலை நேரக் கொள்ளளவைக் கூட்ட வேண்டும், அதுவரை கட்டணக் கழிவு தர வேண்டும். அதை மட்டுமே எல்லோரும் எழுதுங்கள்.

அப்போது மின்னஞ்சல் அனுப்பியவர்களின் முகவரிகளையெல்லாம் ட்ராய் அப்படியே இணையத்தில் வெளியிட்டுவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் பதிவில் கைபேசி எண்ணோ வாடிக்கையாளர் எண்ணோ இருக்கக் கூடாது. புகார்ப் பதிவுகளுக்காகவே காத்திருக்கும் மோசடிக்காரர்கள், நிறுவனத்தின் சின்னத்தை வைத்துக்கொண்டு 'சேவைப் பிரிவிலிருந்து பேசுகிறோம்' என்று அழைத்து, கைபேசியைத் தொலைவிலிருந்தே இயக்க வழிசெய்யும் எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்லி வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். உங்கள் குடியிருப்பில் முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மேடவாக்கத்தார் எழுதியது:

மூவருக்கும் நன்றி. அளவெடுக்கும் வேலையை ஒவ்வொரு பிளாக்கிலும் இருவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். பதிவிடும் நாளை மேல்முறையீட்டின் கெடு முடியும் வரை தள்ளிவைக்க இளையவர்களும் அரைமனதாக ஒப்புக்கொண்டார்கள். பதாகையை மட்டும் விடமாட்டோம் என்கிறார்கள். வளாகத்துக்கு வரும் லைன்மேனின் படத்தையும் அதில் போட வேண்டும் என்று ஒருவர் பிடிவாதமாக இருக்கிறார்.

கம்பிவடம் எழுதியது:

அந்த லைன்மேனின் படம் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் அவர் நிறுவனத்தின் ஊழியராகக்கூட இருக்கமாட்டார். உள்ளூர் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு இருப்பவர், கொள்ளளவைக் கூட்டும் அதிகாரம் அவருக்கு இல்லை. மேலே எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடியவரும் அவர் ஒருவர்தான். ஒரு தேநீர் வாங்கிக்கொடுத்து, உங்கள் வளாகத்துடன் சேர்த்து அந்த இணைப்பில் எத்தனை குடியிருப்புகளைக் கோத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதாகை கட்டுவதென்றால் வேக அட்டவணையையே பெரிதாக அச்சிட்டுக் கட்டுங்கள். புதிதாக வீடு பார்க்க வருபவர்களும் அதைப் படிப்பார்கள் என்பதால், விற்காத வீடு ஏதேனும் கட்டுநர் கையில் இருந்தால், இரண்டாவது நிறுவனத்தை உள்ளே விடுவது பற்றி அவரும் பேச வரக்கூடும். அந்த ஒப்பந்தத்தின் நகலைச் சங்கம் இன்னும் கேட்டு வாங்கவில்லையென்றால் முதலில் அதற்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரே நிறுவனத்துக்குத்தான் அனுமதி என்று அதில் உண்மையிலேயே எழுதியிருக்கிறதா, எழுதியிருந்தால் எத்தனை ஆண்டுகளுக்கு என்பது தெரியாமல் அடுத்த பேச்சைத் தொடங்க முடியாது.