வேட்பாளரிடம் கூத்தைப் பற்றி என்ன கேட்கலாம்?

படுவான்கரையான்:
பிரதேச சபைக்கு நிற்கிற நாலு பேர் ஞாயிறு பின்னேரம் எங்கள் ஊர்ப் பல்தேவைக் கட்டடத்துக்கு வருகிறார்கள். ரோட்டு, லைட்டு, குப்பை எல்லாம் மற்றவர்கள் கேட்பார்கள். நான் கூத்தைப் பற்றிக் கேட்க நினைக்கிறேன். 2018இல் ஒருவரிடம் கேட்டேன். "பாரம்பரியக் கலைகளைக் கட்டிக்காப்போம்" என்றார், கைதட்டினோம். வென்ற பிறகு அரங்கேற்றத்துக்கு வந்து பொன்னாடை போர்த்திக்கொண்டு, அருச்சுனன் வரவுக்கு முன்னமே எழும்பிப் போய்விட்டார்.

கூத்துப் பழக்குகிற எங்கள் அண்ணாவியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. வடமோடிக் கூத்துப் பாட்டுகளை எழுதி வைத்த அவருடைய கொப்பி ஒன்றைக் கறையான் அரித்து நாலு விருத்தம் போய்விட்டது. அந்த நாலும் இப்போது அவர் வாயில் மட்டும்தான் இருக்கிறது. விடியவிடிய ஆடுவதற்கு மைக் அனுமதியும் பெரிய தலையிடி. எதைக் கேட்பது?

ஓய்வுபெற்ற கிளாக்கர்:
தம்பி, மைக்கை விடுங்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாதென்று 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அனுமதி பொலிஸின் கையில், சபையிடம் இல்லை. கலாசார உத்தியோகத்தர் இருப்பது பிரதேச செயலகத்தில். கிழக்கு மாகாணத்தில் பண்பாட்டுத் திணைக்களம் இருக்கிறது, ஆனால் 2017க்குப் பிறகு மாகாண சபையே இல்லை. பிரதேச சபையின் கையில் இருப்பது நூலகம், மண்டபம், மைதானம், தெருவிளக்கு. "வளர்ப்பீர்களா" என்று கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்? உங்கள் கொப்பி நூலகத்து விசயம். ஒக்டோபர் வாசிப்பு மாதத்துக்கு ஒதுக்குகிற காசில் ஊர்க் கொப்பிகளை ஸ்கேன் பண்ணி வைப்பீர்களா, எந்த ஆண்டு பட்ஜெட்டில் என்று கேளுங்கள்.

அக்கரைப்பற்றுக் காக்கா:
எங்கட பொல்லடி ஆட்டக் குழுவுக்கும் இதே கதைதான். ஒத்திகைக்கு மண்டபம் கேட்டால் கல்யாண வீட்டு ரேட் சொல்கிறார்கள். பன்னிரண்டு பேர் கம்பைத் தட்டிப் பழக அவ்வளவு காசா? கடைசியில் கடற்கரை மணலில் பழகினோம், கால் புதையப் புதைய. ஒத்திகைக்குத் தனி ரேட் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்க.

திருக்கோவில் டீச்சர்:
மைக்கே இல்லாமல்தான் அந்தக் காலத்தில் வட்டக்களரி மேடையைச் சுற்றிச் சனம் குந்தியிருந்து பார்த்தது. மைக் வந்த பிறகு பாட்டுக்காரர் தொண்டையைத் திறப்பதேயில்லை. சரி, அது வேறு சண்டை. அண்ணா, கேள்வியோடு நிற்காமல் கொப்பியையும் கையில் கொண்டு போங்கள்.

படுவான்கரையான்:
போய் வந்தேன். மூன்று பேர் கட்டிக்காப்பதாகச் சொன்னார்கள். நாலாமவர், வயது முப்பதுக்குள் இருக்கும், "கொப்பி என்றால் என்ன அண்ணன்?" என்று கேட்டார். கையில் கொடுத்தேன். விரித்ததும் கறையான் மண் அவருடைய வெள்ளைச் சட்டையில் கொட்டியது. தட்டிவிடாமல் ரெண்டு பக்கம் வாசித்தார். அண்ணாவியாரின் வீடு எங்கே என்று கேட்டு டயறியில் எழுதிக்கொண்டார். மண்டப ரேட் கேட்க மறந்துவிட்டேன், காக்கா மன்னிக்க வேண்டும்.