பாட்டி 80 🎂 பிறை வீடு

பெரியம்மா: ஞாயித்துக்கெழம மத்தியானம் 12 மணிக்கு சாப்பாடு. நேரத்தோட வந்துருங்க. இனிப்புக்கு வாழப்பழம் பொரிச்சு பீசாங் கோரெங், மேல கேரமல் ஊத்தி

கவிதா: பெரியம்மா கேரமல்ல பால் இருக்குமா? யாழினிக்கு ஆகாது

பெரியம்மா: வெண்ணெயும் டின் பாலும்தான் மா. கொஞ்சூண்டு

கவிதா: கொஞ்சம்கூட வேணாம் பெரியம்மா. தீபாவளிக்கு உதடு வீங்கிப் போனது மறந்துட்டீங்களா

சுப்ரா சித்தப்பா: டின்ல இருக்குறது பாலே இல்ல. கிரீமர். பாமாயில்

தேவி அக்கா: சித்தப்பா, முன்னால ‘கிரிமர் மானிஸ்’னு, இனிப்பு கிரீமர்னு போட்டிருந்தாலும் டின்ன திருப்பிப் பாருங்க, பால் பவுடர் சேர்த்திருப்பாங்க. ‘சூசு’ன்னா பால், அப்படி எங்க எழுதியிருந்தாலும் யாழினிக்கு வேணாம்

சுப்ரா சித்தப்பா: லாக்டோஸ் இல்லாத பால் விக்குதே

தேவி அக்கா: அது பால் குடிச்சா வயிறு ஊதுறவங்களுக்கு. புள்ளைக்கு ஆகாதது பால்ல இருக்குற புரோட்டீன். லாக்டோஸ்ங்கிற பால் சக்கரைய எடுத்தாலும் புரோட்டீன் அப்படியேதான் இருக்கும்

கார்த்தி: கிளாஸ் ஆரம்பிச்சாச்சு

புவனா அத்தை: அப்ப கேரமல் வேணாம். நான் பாயசம் வக்கிறேன்

பெரியம்மா: பாயசத்துல மட்டும் பால் இல்லையா புவனா

தேவி அக்கா: கேரமலே செய்யலாம். பேரீச்சம்பழத்துல. மெட்ஜூல் வகை 200 கிராம் கொட்டை எடுத்து, சுடுதண்ணியில 20 நிமிஷம் ஊற வைங்க. காஞ்ச பழம்னா இன்னும் கொஞ்ச நேரம். தண்ணிய கொட்டாதீங்க. பழத்தோட கெட்டித் தேங்காப்பால் அரை கப், உப்பு கால் டீஸ்பூன் போட்டு நைசா அரைங்க. கெட்டியா இருந்தா ஊறுன தண்ணியில கொஞ்சம். அந்த உப்பு முக்கியம், அதுதான் கேரமல் ருசி குடுக்குது. அப்புறம் வாசத்துக்கு பாண்டான் இலை ஒண்ண முடிச்சு போட்டு சின்னத் தீயில சூடு பண்ணுனா போதும். கொதிக்க விட்டா தேங்காப்பால் திரிஞ்சிரும். தேங்காப்பால் பவுடர் மட்டும் வாங்காதீங்க, நெறைய பவுடர்ல சோடியம் கேசினேட் கலக்குறாங்க, அது பால்ல இருந்து எடுக்குறது. பசார்ல துருவிப் பிழிஞ்சு குடுப்பாங்கல்ல, அதான் நல்லது

சுப்ரா சித்தப்பா: 👍

கார்த்தி: சனிக்கெழம இ.டி.எஸ். ரயில் டிக்கெட் இல்ல. யார் கார்ல எடம் இருக்கு

கவிதா: எங்க கார்ல ஒரு எடம். பேபி சீட் பக்கத்துல

புவனா அத்தை: பேரீச்சம்பழம் மட்டும் இனிப்பு இல்லையா தேவி. அம்மாவுக்கு போன வாரம் சுகர் 11.2க்கு ஏறிருந்துச்சு

தேவி அக்கா: இனிப்புதான் அத்தை. மெட்ஜூல் 100 கிராம்ல 66 கிராம் சக்கரை. ஆனா கூடவே 7 கிராம் கிட்ட நார்ச்சத்து, வெள்ளச் சக்கரையில அது துளியும் இல்ல. தென்ன வெல்லம், அந்த குலா மலாக்கா போட்டாலும் சக்கரை சக்கரைதான். அதனால பாட்டிக்கு பழம் ஒரு துண்டு, சாஸ் ஒரு டீஸ்பூன். தேங்காப்பாலும் கொழுப்புதான், அதான் அரை கப்போட நிறுத்தச் சொல்றேன். நல்லதுன்னு சொல்லி கரண்டி கரண்டியா ஊத்திராதீங்க

புவனா அத்தை: அம்மா ஒரு துண்டோட விடுவாங்களா

சுப்ரா சித்தப்பா: பொறந்தநாளு. விடுங்க

தேவி அக்கா: சித்தப்பா, ராத்திரி சுகர் ஏறுனா பக்கத்துல முழிச்சு உக்காந்திருக்குறது பெரியம்மா

பெரியம்மா: 🙏

புவனா அத்தை: சரி. பாலிக் புலாவ் ஜாதிக்காய் வீட்டுல இருக்கு, கொண்டாறேன். துளி துருவிப் போட்டா வாசமா இருக்கும். ஆனா அரைக்க என் பிளெண்டர் வேணுமே, அப்பா காரியத்துக்கு அண்ணி வாங்கிட்டுப் போனது

பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: பாத்துட்டேன் பெரியம்மா

பெரியம்மா: பிளெண்டர் பத்திரமா இருக்கு. வந்து எடுத்துக்கட்டும்

புவனா அத்தை: ஞாயித்துக்கெழம பினாங்கு பாலம் ஜாம் ஆகும். நான் ஃபெரியில வந்துர்றேன்

சுப்ரா சித்தப்பா: ஃபெரியில இப்ப காரு ஏத்த மாட்டான்

புவனா அத்தை: தெரியும் அண்ணே. ஜெட்டிக்கு வந்து ஏத்திக்குங்க

கவிதா: அக்கா சாஸ் முன்கூட்டியே செஞ்சு வக்கலாமா

தேவி அக்கா: சனிக்கெழமையே செய்யலாம். கண்ணாடி போத்தல்ல ஊத்தி ஃபிரிட்ஜ்ல வைங்க. மறுநாள் கெட்டியா இருக்கும், சுடுதண்ணி ஒரு கரண்டி விட்டு கலக்குனா போதும். ஆமா, பன்னீர் பொரிச்ச எண்ணெயில வாழப்பழத்த போடாதீங்க. கரண்டியும் தனி

பெரியம்மா: அப்ப பழத்த மொதல்ல பொரிச்சிர்றேன். ஆறிப்போச்சுன்னு யாரும் சொல்லக் கூடாது

கவிதா: சொல்ல மாட்டோம் பெரியம்மா ❤️

கார்த்தி: என்னை எத்தன மணிக்கு ஏத்துறீங்க

சுப்ரா சித்தப்பா: பாயசம் உண்டா இல்லையா? பால் எத்தன பாக்கெட் வாங்குறது

புவனா அத்தை: உண்டு

பெரியம்மா: வேணாம்னு தேவி சொல்லிச்சே

தேவி அக்கா: நான் எங்க பெரியம்மா அப்படி சொன்னேன்