6 மீட்டர் ட்ரெய்லரில் சக்கர வீடு: சமையலறையைப் பின்பக்கம் வைக்கலாமா?

கூடுகட்டி:
இரட்டை ஆக்சில் ட்ரெய்லர். தளம் 6 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். ஆக்சில்களின் நடுப்புள்ளி, தளத்தின் முன் விளிம்பிலிருந்து 3.6 மீட்டரில் இருக்கிறது. அதே விளிம்பிலிருந்து ஹிட்ச் (இழுக்கும் வண்டியோடு மாட்டும் இணைப்பு) 1.2 மீட்டர் முன்னால். அனுமதித்த மொத்த எடை 3,500 கிலோ.

என் கணக்கில் ட்ரெய்லரோடு சேர்த்து வீடு 3,250 கிலோ. அதில் சமையலறை மட்டும் 350. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் இன்னொரு 200. வாசல் முன்பக்கம், சமையலறையும் தொட்டியும் பின்பக்கம் என்று வரைந்திருக்கிறேன். சுவருக்கு 38×89 மி.மீ. கட்டைகள் 40 செ.மீ. இடைவெளியில், வெளியே 12 மி.மீ. ப்ளைவுட். இணைக்க ஆணியா, ஸ்க்ரூவா? வேறு எங்கே சிக்கல் வரும்?

அச்சாணி:
வரைபடத்தை மாற்றுங்கள். இப்படியே கட்டினால் இழுத்துப் போகும்போது வண்டி வாலாட்டும்.

ஹிட்ச் மேல் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இறங்க வேண்டும். உங்கள் ஹிட்ச்சிலிருந்து ஆக்சிலுக்கு 4.8 மீட்டர். சமையலறையையும் தொட்டியையும் விட்டுவிட்டால் மீதி 2,900 கிலோ. அது சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால் அதன் மையம் ஆக்சிலுக்கு 0.6 மீட்டர் முன்னால் விழும். 2,900 × 0.6 ÷ 4.8, அதாவது சுமார் 362 கிலோ ஹிட்ச்சில்.

ஆக்சிலுக்கு 2 மீட்டர் பின்னால் 350 கிலோ சமையலறையை வைத்தால் அதில் 146 கிலோ போய்விடும். 1.5 மீட்டர் பின்னால் தொட்டியை வைத்தால் இன்னும் 62 போகும். மிச்சம் 154 கிலோ. 3,450 கிலோ வீட்டுக்கு அது நாலரை சதவீதம்தான். தொட்டியை மட்டும் ஆக்சில் மேலே நகர்த்தினாலும் 6 சதவீதத்தைச் சற்றுத்தான் தாண்டும்.

தொட்டியை நேராக ஆக்சில் மேலேயே வையுங்கள். நிரம்பியிருந்தாலும் காலியாக இருந்தாலும் ஹிட்ச் எடை மாறாது. சமையலறையை ஆக்சிலுக்கு 1 மீட்டர் முன்னால் கொண்டுவாருங்கள். அப்போது 435 கிலோ, 12.6 சதவீதம். இழுக்கும் வண்டியின் ஹிட்ச் அந்த எடையைத் தாங்குமா என்று அதன் தகட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: தொட்டி நிரம்பியிருக்கும்போது உங்களுக்கு மிஞ்சுவது 50 கிலோ. பசை, ஸ்க்ரூ, பெயின்ட், ஒயர், துணிமணி, பாத்திரம் எல்லாம் அதற்குள் அடங்காது. ஓடும்போது தொட்டி காலியாக இருக்கட்டும். சுவர்களின் மரச்சட்டம் எழுந்ததும் ஒருமுறை, ப்ளைவுட் அடித்ததும் ஒருமுறை எடைமேடையில் ஏற்றுங்கள். மொத்த எடை மட்டும் போதாது, ஹிட்ச் எடையைத் தனியாக எடுக்க வேண்டும்.

உளிச்சத்தம்:
எடையை எங்கே குறைக்கலாம் என்று சொல்கிறேன். ப்ளைவுட் 12-லிருந்து 9 மி.மீ. ஆனால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 கிலோ மிச்சம். உங்கள் சுவர்ப் பரப்புக்கு 80 கிலோவுக்கு மேல். கட்டை இடைவெளியை 60 செ.மீ. ஆக்கினால் நிற்கும் கட்டைகளில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பலம் ப்ளைவுட்டைக் கட்டையோடு பசை போட்டு ஒட்டுவதில்தான் இருக்கிறது, தடிமனில் அல்ல.

ஆணியா ஸ்க்ரூவா என்றால்: வழவழப்பான ஆணி அதிர்வில் மெல்லக் கழன்று வெளியே வரும். ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூ அதைவிட மோசம், வளையாமல் பட்டென்று ஒடியும். கட்டுமானத்துக்கென்றே வரும் ஸ்க்ரூ, அல்லது வளைய வரியுள்ள ஆணி. இரண்டில் எதுவானாலும் பசையோடு.

ஜன்னல் மூலையில் ப்ளைவுட் இணைப்பு வரவே கூடாது. சாலை அதிர்வில் விரிசல் அங்கேதான் தொடங்கும். முழுப் பலகையை வைத்து, திறப்பின் அளவுக்கு உள்ளே வெட்டி எடுங்கள். கண்ணாடி டெம்பர் செய்ததாக இருக்கட்டும்.

சுவரின் அடிக்கட்டையை 1.2 மீட்டருக்கு ஒரு எம்12 (12 மி.மீ.) போல்ட், ஒவ்வொரு மூலையிலிருந்தும் 30 செ.மீ.க்குள் ஒன்று என்று ட்ரெய்லரோடு இறுக்குங்கள். பிரதான இரும்புச் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடாதீர்கள். அதிக அழுத்தம் விழும் இடம் அது. பக்கவாட்டில் தகடு வெல்டிங் செய்து அதில் போல்ட் போடலாம். மருந்தேற்றிய கட்டையிலுள்ள செம்பு சாதாரண இரும்பை அரிக்கும், அதனால் துத்தநாகம் தோய்த்த போல்ட், நடுவே ரப்பர் பட்டை.

ஈரக்காற்று:
ஈரப்பதத்தை யாரும் சொல்லவில்லை. இந்த அளவு வீட்டில் மெதுவாக அழுக வைப்பது அதுதான்.

உள்ளே சுமார் 30 கன மீட்டர் காற்று. 20 டிகிரியில் அது முழுக்க நிறைந்தாலும் அரை லிட்டர் நீராவியைத்தான் தாங்கும். இரண்டு பேர் ஓர் இரவு தூங்கினாலே அதைவிட அதிகம் வெளியேறும். மிச்சம் எங்கே போகும்? ஜன்னல் சட்டம், மெத்தையின் அடிப்பக்கம், இரும்பு தொடும் இடங்கள். எப்போதும் மெல்ல ஓடும் வெளியேற்று விசிறியும், எதிர்மூலையில் காற்று உள்ளே வர ஒரு வழியும் கட்டாயம். மெத்தைக்குக் கீழே பலகை வேண்டாம், இடைவெளி விட்ட பட்டிகள்.

நீராவித் தடுப்புப் படலம் குளிர்ப்பகுதியில் சுவரின் உள்பக்கம். வெக்கையும் புழுக்கமுமான இடத்தில் ஏசி ஓடும் வீட்டுக்கு வெளிப்பக்கம். இரண்டு பக்கமும் போட்டால் நடுவில் மாட்டிய ஈரம் காயவே காயாது.

தரைக்குக் கண்ணாடிப் பஞ்சு வேண்டாம், டயர் தெளிக்கும் தண்ணீரைக் குடித்துவிடும். ஃபோம் பலகையும், அடியில் ஓட்டையில்லாத தகடும் போடுங்கள். கூரைத் தகட்டில் முன்தகடு பின்தகட்டின் மேல் ஏறியிருக்கட்டும். தலைகீழாகப் போட்டால் ஓடும் காற்று இணைப்புக்குள் புகுந்து தூக்கும்.

கூடுகட்டி:
சமையலறையை முன்னால் நகர்த்திவிட்டேன், தொட்டி இப்போது ஆக்சில் மேலே. கட்டும்போது டயர் மேலேயே நிறுத்தி வேலை செய்யலாமா?

அச்சாணி:
கூடாது. ஆக்சிலுக்குச் சற்று முன்னும் பின்னும், பிறகு நாலு மூலையிலும் பிரதான சட்டத்துக்கு அடியில் ஜாக் ஸ்டாண்ட் கொடுத்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் ரசமட்டம் பாருங்கள். மூலையில் வரும் கத்தரி ஜாக் ஆட்டத்தை நிறுத்த மட்டும், எடை தாங்க அல்ல. கட்டி முடித்து நிறுத்தும்போதும் அதே இடங்களில்தான் முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் முதலில் கதவு பிடிக்கும்.